பஸ்ரியனின் காது

"காது கேக்காத ஆள் எண்டபடியால்தான் நான் தோளில தட்டினனான்" என்று கொண்டக்டர் சொன்னபோது, ஜெனிஸ்ரன் பொலிஸ்காரர் நீட்டிய தாளில் பாதிக் கையெழுத்தில் நின்றான்.

ஆஸ்பத்திரி மேசையில் அண்ணனின் சாமான்கள் கிடந்தன. கைபேசி, பேர்ஸ், மூக்குக்கண்ணாடி, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல், பொலித்தீன் பைக்குள் ஒரு கொப்பி. தாளில் பெயர் பஸ்ரியன், வயது நாற்பத்தாறு, தொழில் ஐஸ் பக்டரி மெசின் ஒப்பரேட்டர் என்று எழுதியிருந்தது. அதெல்லாம் சரி. கொண்டக்டர் சொன்னதுதான் சரியாக இல்லை.

"நீங்கள் வேற ஆரையோ மாறிச் சொல்லுறீங்கள்" என்றான் ஜெனிஸ்ரன். "அண்ணாக்குக் காது நல்லாக் கேக்கும்."

"இல்லை அண்ணை, இவர்தான். வவுனியாவில ஏறேக்கையே சொன்னவர். 'தம்பி, எனக்குக் காது சரியில்ல, மன்னார் வந்தா ஒருக்கா தட்டி விடுங்கோ' எண்டு. மன்னார்தானே கடைசித் தரிப்பு, எல்லாரும் இறங்கத்தானே வேணும். இதை ஏன் என்னட்டச் சொல்லுறார் எண்டு யோசிச்சனான். சொல்லிப்போட்டுச் சிரிச்சவர்."

கொண்டக்டருக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. டிக்கற் மெசின் இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. முருங்கனுக்கு முந்தியே யன்னலில் தலை சாய்த்துவிட்டார், நித்திரை என்று விட்டுவிட்டேன், ஸ்ராண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு கூப்பிட்டேன், எழும்பவில்லை, பிறகுதான் காது ஞாபகம் வந்து தட்டினேன் என்று அவன் பொலிஸ்காரருக்குச் சொன்னதையே மறுபடியும் ஜெனிஸ்ரனுக்குச் சொன்னான். தட்டியதும் தலை சரிந்ததைச் சொல்லும்போது டிக்கற் மெசினை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மாரடைப்பு, தெரியாமலே போயிருப்பார் என்றார் டாக்குத்தர்.

அதிர்ச்சியில் மனிதருக்கு மூளை எப்படி வேலைசெய்யும் என்று சொல்ல முடியாது. காது விஷயத்தை அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்று ஜெனிஸ்ரன் போனை எடுத்து அழைத்தான். மேசையில் கிடந்த போன் அடித்தது. விறாந்தை முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது. பொலிஸ்காரர் பதறிப்போய் அதைத் தூக்கி எங்கே அமத்துவது என்று தேடினார். அண்ணன் தன் போனை எப்போதும் சத்தம் குறைத்துத்தான் வைத்திருப்பார். இப்போது அது முழுச் சத்தத்தில் இருந்தது.

அண்ணனுக்கு வவுனியாவில் என்ன வேலை என்றும் அவனுக்குத் தெரியாது. மெசினுக்கு பெல்ற் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனதாக அண்ணி அழுகைக்கு நடுவே போனில் சொல்லியிருந்தாள். சாமான்களுக்குள் பெல்ற் எதுவும் இல்லை. ஜெனிஸ்ரன் பொலித்தீன் பைக்குள் இருந்த கொப்பியை எடுத்தான். புதிய கிளினிக் கொப்பி. காது, மூக்கு, தொண்டை. முதல் பக்கத்தில் நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள். ஐந்து வாரமாகக் கேள்வி மந்தம். கூரான சத்தங்கள் கேட்பதில்லை என்கிறார். பரிசோதனைக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி வரவும்.

ஐந்து வாரம். அந்தக் கணக்கைப் போட ஜெனிஸ்ரனுக்குக் கலண்டர் தேவைப்படவில்லை. கொப்பியை மூடி மறுபடியும் பைக்குள் போட்டான். மிச்சக் கையெழுத்தையும் போட்டுவிட்டு, சவப்பெட்டிக்கு அளவு எத்தனை அடி என்று பொலிஸ்காரரிடம் கேட்டான். அது தனக்குத் தெரியாது என்றார் அவர்.

*

நடந்தது இவ்வளவுதான்.

பஸ்ரியனிடம் ஒரு சிவப்பு எலெக்ரிக் கிற்றார் இருந்தது. ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பாடகர் குழுவில் அவர்தான் கிற்றார், பதினொரு வருசமாக. அந்த வகைக் கிற்றாரில் தந்திகளுக்குக் கீழே கம்பி சுற்றிய காந்தங்கள் மூன்று இருக்கும். பிக்கப் என்பார்கள். தந்தியின் அதிர்வைச் சத்தமாக்குவது அதுதான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் உருண்டையாகப் பேசும். தந்தி கட்டியிருக்கிற கடைசிப் பக்கத்துப் பிக்கப் கூராகப் பேசும். பஸ்ரியனுக்குக் கடைசிதான் உயிர். மற்ற இரண்டும் எதற்கு இருக்கின்றன என்று அவர் யோசித்தாரோ தெரியாது.

கோயில் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும். அவர் ஒரு அடி அடித்தால் அது கூரைவரை போய்த் திரும்பிவந்து தலைக்குள் குத்தும். காணிக்கைப் பாட்டுக்கு முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், தாய்மார் அந்தக் கைகளைத் தட்டிவிடுவார்கள். பஸ்ரியன் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்.

ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. ஊரில் எந்தச் செத்தவீட்டுக்கும் கேட்காமலே ஐஸ் கொண்டுவந்து இறக்குகிற மனுசன். பாடகர் குழுவை நடத்துகிற பேதுரு மாஸ்ரர் தன்னால் இயன்ற தந்திரமெல்லாம் செய்து பார்த்தார். அம்பிளிபயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார். பிறகு தூசி படுகிறது என்று சொல்லித் தடித்த துணி ஒன்றால் மூடிவிட்டார். சத்தம் காணாது என்று நினைத்து பஸ்ரியன் ஒவ்வொரு தடவையும் வொலியூமைக் கூட்டினார்.

கடைசியில் வந்தவள் மதுஷிகா, பஸ்ரியனின் ஒரே மகள். பதினாறு வயது, அதே பாடகர் குழுவில் முதல் வரிசை. உப்புக்குளத்தில் ஜெனிஸ்ரன் போன் திருத்துகிற கடைக்குப் பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள்.

"சித்தப்பா, பெடியள் அப்பாவைத் தகரம் எண்டு சொல்லுறாங்கள். எனக்குப் பாடவே வெக்கமாக் கிடக்கு. அதுக்குள்ள ஏதும் செய்யேலாதோ?"

செய்ய முடியும். ஜெனிஸ்ரனுக்கு அது இருபது நிமிட வேலை. அந்த வகைக் கிற்றாரில் தொனியைக் குறைக்கிற குமிழ் முதல் இரண்டு பிக்கப்புக்கும்தான் வேலைசெய்யும், கடைசியை அதோடு இணைத்திருக்க மாட்டார்கள். எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஆனால் புளியங்கொட்டை அளவு கப்பாசிற்றர் ஒன்றையும், கூடவே ஒரு சின்ன ரெசிஸ்ரரையும் கடைசிப் பிக்கப்பின் வயருக்கும் ஏர்த் வயருக்கும் நடுவே ஈயத்தால் பற்றவைத்துவிட்டால் கூரான சத்தமெல்லாம் அந்த வழியால் வடிந்துபோய்விடும். மிச்சம் இருப்பது மெதுவாக இருக்கும். பிளேற்றை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது.

வயர் குத்துகிற ஜாக் லூசாகக் கிடக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று சொல்லி ஜெனிஸ்ரன் கிற்றாரை வாங்கிக்கொண்டு வந்தான். செய்து முடித்துவிட்டு, பதினொரு ஆணியையும் ஒரு கீறல் இல்லாமல் முறுக்கினான். ஒன்றைத் திறந்த தடம் தெரியாமல் மூடுவதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஒரு பிள்ளையும் காதைப் பொத்தவில்லை. "இண்டைக்கு உம்மட கிற்றார் தேன் மாதிரி" என்று பேதுரு மாஸ்ரர் பஸ்ரியனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதுஷிகா முதல் வரிசையிலிருந்து சித்தப்பாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பஸ்ரியன் மட்டும் பூசைக்கு நடுவே அம்பிளிபயரின் குமிழ்களை மாறி மாறித் திருகிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, கிற்றாரில என்னவும் செய்தனியே?"

"ஜாக் மட்டும்தான் அண்ணா."

பஸ்ரியன் சாவியை எடுத்தார். "சரி" என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். தப்பிவிட்டோம் என்று ஜெனிஸ்ரன் மதுஷிகாவுக்கு மெசேஜ் அனுப்பினான், சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டு.

ஐஸ் பக்டரியில் பஸ்ரியனுக்கு முன்பிருந்த ஒப்பரேட்டர், கொம்பிறஸர் சத்தத்திலேயே இருபது வருசம் இருந்து இரண்டு காதும் போய் வேலையை விட்டவர். சந்தியில் நின்று அந்த மனுசனைப் பெடியள் கத்திக் கூப்பிட்டுப் பகிடி பண்ணுவார்கள். பஸ்ரியன் அந்த மெசினோடு பத்தொன்பது வருசம். இது ஊரறிந்த விஷயம், ஜெனிஸ்ரனுக்கும் தெரிந்த விஷயம். ஒருதரமாவது கிற்றாரையும் அண்ணனின் காதையும் சேர்த்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

*

மரண விசாரணை முடிந்து வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உடலைக் கொடுத்தார்கள். கடை முதலாளி அஸ்மி கடையை மூடிவிட்டுத் தன் வானைக் கொண்டுவந்திருந்தான். முதலாளி என்று பேர்தானே தவிர இருவரும் ஒரே மேசையில் வேலைசெய்கிறவர்கள். பெட்டி முன்னால் வேறு வாகனத்தில் போக, இவர்கள் பின்னால் போனார்கள். எருக்கலம்பிட்டிச் சந்தி தாண்டியதும் ஜெனிஸ்ரன் வானின் யன்னலை ஏற்றிவிட்டான். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

அஸ்மி வானின் வேகத்தைக் குறைத்தான்.

"பஸ்ரியன் நானாக்கு ஹார்ட்ல வருத்தம் இருந்திருக்கும். உன்ட கப்பாசிற்றரால ஆரும் மௌத்தாக மாட்டாங்க."

"நான் அதைச் சொல்லேல்ல. அவர் காது போச்சு எண்டு நம்பிக்கொண்டு செத்துப்போனார், அஸ்மி. ஐஞ்சு கிழமை. என்னட்ட வந்து கேட்டவர். நான் இல்லை எண்டனான்."

"வீட்டில சொல்லப் போறியா?"

"தெரியேல்ல."

"சொல்லாத. சொல்லி இப்ப என்ன வரப்போகுது. அந்தப் பொம்புள இருக்கிற துக்கத்தில இதையும் சுமக்கணுமா? அந்தப் புள்ள வேற கேட்டுச் செஞ்ச வேல. அடக்கம் முடிஞ்சதும் அந்தக் கிற்றாரத் தூக்கி அலுமாரிக்கு மேல போட்டுடு."

ஜெனிஸ்ரனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது. ஊர் வந்து, வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருப்பதைப் பார்க்கும்வரை அப்படித்தான் இருந்தது.

பெட்டியை முன் அறையில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். அண்ணி பிலோமினா கதிரையில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் வந்து கட்டிப்பிடித்தாலும் ஒரே கதையை மறுபடியும் மறுபடியும் சொன்னாள்.

"உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்குக் காது போட்டுது. ஒருத்தருக்கும் சொல்லாத, பக்டரியில தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிப் போடுவினம் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். பெல்ற் வாங்கப் போனார் எண்டு நான் சொன்னதும் அதுக்காகத்தான். ஒரு ராத்திரியும் நித்திரை இல்ல. கிற்றாரை மடியில வைச்சுக்கொண்டு தட்டித் தட்டிப் பாப்பார். அந்தச் சத்தம் எனக்குக் கேக்குதில்ல பிலோமினா, மேல்ச் சத்தம் ஒண்டும் கேக்குதில்ல எண்டு பிள்ளை மாதிரி அழுதவர்."

பெட்டியின் கால்மாட்டில் இருந்த மதுஷிகா தலையை நிமிர்த்தினாள். நேற்றிலிருந்து அழுது வீங்கியிருந்த முகம். அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் வாய் மெல்லத் திறந்தது. பிறகு அறை முழுவதும் கண்ணால் தேடி, கதவோரம் நின்ற சித்தப்பாவைக் கண்டுபிடித்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஜெனிஸ்ரன் முற்றத்துக்குப் போய், வாடகைக் கதிரைகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று எண்ணத் தொடங்கினான். மூன்று தரம் எண்ணினான். மூன்று தரமும் வேறு வேறு தொகை வந்தது.

*

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பூசை. மூன்றரைக்குப் பெட்டி மூடுவதென்று முடிவாகியிருந்தது. இரண்டே முக்கால் மணியளவில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கிற றெனால்ட் வந்தான். பஸ்ரியன் அண்ணையின் கிற்றாரைத் தந்தால் பூசையில் தானே வாசிப்பேன், பேதுரு மாஸ்ரர் கேட்டு வரச் சொன்னார் என்றான். கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"குடுக்கலாம்" என்றான் ஜெனிஸ்ரன். "கொஞ்சம் பொறு."

அறைக்குள் போய்க் கிற்றாரை எடுத்துக்கொண்டு திரும்பினால் மதுஷிகா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடியே குடுக்கப் போறீங்களோ?"

"வேற என்ன செய்ய?"

"இது அப்பான்ர சத்தம் இல்ல." அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "அதைக் கழட்டுங்கோ சித்தப்பா. அப்பாவைக் கொண்டுபோகேக்கை அப்பான்ர சத்தம் கேக்கோணும். தகரமோ என்னவோ."

"சரி. கழட்டுறன்."

"அம்மாக்கும் சொல்லுங்கோ."

ஜெனிஸ்ரன் முன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"பெட்டி மூடமுதல் சொல்லுங்கோ. அம்மா அப்பாக்குக் காது போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டே அனுப்பப்போறா. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். நான்தானே கேட்டனான்."

"நீ ஒண்டும் சொல்லக்கூடாது" என்றான் அவன். "கேட்டது ஆர் எண்டு பிரச்சினை இல்ல. செய்தது நான். அண்ணா கேக்கேக்கை பொய் சொன்னது நான். நீ அதுக்குள்ள வரவேண்டாம், விளங்குதோ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் அறைப் பக்கம் போனாள். ஜெனிஸ்ரனுக்குப் பயமாக இருந்தது. அண்ணியை அவனுக்குப் பத்தொன்பது வருசமாகத் தெரியும். அண்ணனைவிட அவளுக்குத்தான் அவன் பயம். இதைக் கேட்டபிறகு அவள் இந்த வாசலை அவனுக்குச் சாத்திவிட்டால், உலகத்தில் அவனுக்கு வேறு வாசல் இல்லை. அஸ்மி சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பிள்ளை தானே சொல்லிவிட்டால், பதினாறு வயதில் அதை எடுத்துக்கொண்டு எத்தனை வருசம் நடப்பாள் என்று நினைத்தபோது மற்ற நியாயங்களெல்லாம் சின்னதாகிப் போயின.

குசினியில் அடுப்பு இரண்டு நாளாக எரியவில்லை. சாப்பாடு அயல் வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த சட்டிகளையும் பாண் பார்சல்களையும் ஒதுக்கிவிட்டு ஜெனிஸ்ரன் ஒரு துவாயை விரித்துக் கிற்றாரைக் கிடத்தினான். தந்திகளைத் தளர்த்தி, பதினொரு ஆணியையும் கழற்றி, பிளேற்றைத் தூக்கிப் புரட்டினான். அவன் வைத்த ஈயம் மினுங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான வேலை. கடையில் என்றால் அஸ்மியிடம் காட்டியிருப்பான்.

பற்றவைக்கிற அயன் சூடாகும்வரை நின்றான். முன் அறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நுனியை ஈயத்தில் வைத்ததும் அது உருகியது, ஒரு நூல் புகை எழும்பியது. கப்பாசிற்றரை இடுக்கியால் பிடித்து இழுத்து எடுத்தான். ரெசிஸ்ரரையும் எடுத்தான். இவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட இல்லை. ஐந்து வாரமாக எந்த ஒரு நாளும் இதைச் செய்திருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும்தான் அவனுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. சத்தம் வராமலிருக்கத் துவாயின் ஓரத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"என்ன எரியிற மணம்?"

பிலோமினா வாசலில் நின்றாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்திருப்பாள். திறந்து கிடந்த கிற்றாரையும் வயர்களையும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அது பழுதே?"

"இல்ல அண்ணி."

"பின்னை ஏன் இண்டைக்கு அதைக் கழட்டி வைச்சிருக்கிற?"

ஜெனிஸ்ரன் அந்தப் பெண்களைப் பார்த்தான். பிலோமினா அவர்களின் கைகளை விலக்கிவிட்டு, "நீங்கள் போங்கோ" என்றாள். அவர்கள் போனார்கள். போன வழியால் மதுஷிகா உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அதில் அந்தப் புளியங்கொட்டைக் கப்பாசிற்றர் கிடந்தது.

"இதை நான்தான் இதுக்குள்ள போட்டனான். சத்தத்தைக் குறைக்கிறதுக்கு. அண்ணான்ர கிற்றார் கோயில்ல கூடக் குத்துது எண்டு எல்லாரும் சொன்னபடியால. அண்ணாக்குத் தெரியாமல் செய்தனான். ஐஞ்சு கிழமைக்கு முதல்." நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரிந்து வேகமாகச் சொன்னான். "அந்த மேல்ச் சத்தம் அண்ணாக்குக் கேக்காமப் போகேல்ல. கிற்றாரில இருந்து வரேல்ல. அண்ணான்ர காதில ஒரு பிழையும் இல்ல அண்ணி."

"நான்தான் சித்தப்பாட்டக் கேட்டனான் அம்மா" என்றாள் மதுஷிகா சுவரிலிருந்து.

பிலோமினா மகளின் பக்கம் திரும்பவில்லை. அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று என்னவெல்லாமோ எதிர்பார்த்து அவன் நின்றான்.

"அவர் உன்னட்டக் கேட்டவரோ?"

"கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"ஜாக் மட்டும் திருத்தினனான் எண்டு."

"உன்ர வாயால சொன்னனி."

"ஓம் அண்ணி."

அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். தட்டு ஒன்றில் மூடி வைத்திருந்த சோற்றை ஏதோ சரிபார்ப்பதுபோல் மூடியைத் திறந்து பார்த்து மறுபடியும் மூடினாள்.

"நீ சொன்னதை நம்பினவர்" என்றாள். "தம்பி தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறான், கிற்றாரில ஒண்டுமில்ல, எனக்குத்தான் எண்டு சொன்னவர். அவருக்கு உன்ர வேலையில அவ்வளவு நம்பிக்கை."

ஜெனிஸ்ரன் கப்பாசிற்றரை மேசையில் வைத்தான்.

"கிளினிக்கில இருந்து போன் எடுத்தவர். இனி வீட்டில என்னோட கத்தித்தான் கதைக்கோணும் எண்டார். நான் அதுக்கு முந்தியே கத்தத் தொடங்கிட்டன். ஐஞ்சு கிழமையா அந்த மனுசனோட நான் கத்திக் கத்தித்தான் கதைச்சனான். சாப்பிட வாங்கோ எண்டு கத்தினன். படுங்கோ எண்டு கத்தினன். சண்டை எண்டு பிள்ளை நினைச்சிருப்பாள். அவரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்."

அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. முகம் வெளிறி, பார்க்க வேறு யாரோபோல இருந்தாள். மதுஷிகா ஒரு அடி முன்னால் வந்தாள், பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

"இதைப் பூட்டிக் குடு" என்றாள் பிலோமினா, கிற்றாரைக் காட்டி. "பெடியன் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

திரும்பி நடந்தாள். யாரும் அவளைத் தாங்கிப் பிடிக்கவில்லை, அவளும் எதையும் பிடிக்கவில்லை. ஜெனிஸ்ரன் குசினி வாசலுக்கு வந்து நின்று பார்த்தான். முன் அறையில் செபமாலை முடிந்திருந்தது. நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வருவதைக் கண்டு பெண்கள் வழிவிட்டார்கள். நேற்றிலிருந்து அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் வீடே அதிரக் குழறியிருந்தாள். மறுபடியும் அதுதான் வரப்போகிறது என்று நினைத்து இரண்டு பேர் அவளோடு சேர்ந்து அழுவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

பிலோமினா முழங்காலில் இருந்தாள். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிவிட்டு, பெட்டி விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தாள். பஸ்ரியனின் காதோரம் கிடந்த மல்லிகைப் பூக்களை விரலால் ஒதுக்கிவிட்டு, அந்தக் காதுக்குள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். கத்தாமல், மிக மெதுவாகச் சொன்னாள். உதடு அசைவது தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் கேட்டிருக்காது.

அவள் நிறுத்தவில்லை. இடையில் ஒருதரம் தலையை நிமிர்த்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குனிந்தாள். பேதுரு மாஸ்ரர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த இரண்டு ஆண்களும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு அதைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனார்கள்.